வீட்டுக்காரருக்கு ஒரு வீடு

நாங்கள் வீட்டுச் சொந்தக்காரர்களாக இருந்துகொண்டே வாடகைக்குக் குடியிருந்தோம் என்று சொன்னால் இப்போது யாரும் நம்புவதில்லை. அட்டன் ரயில் நிலையத்துக்குக் கீழே, பள்ளத்தில், ஒரே தகரக் கூரையின் கீழ் மூன்று அறைகள் என் கணவருக்குச் சொந்தமாக இருந்தன. மண்சரிவில் பாதி இடிந்து, யாரும் சீந்தாமல் கிடந்த கட்டடத்தை மலிவாக வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் தானே கல் சுமந்து கட்டியெழுப்பியிருந்தார். அது எங்கள் கல்யாணத்துக்கு முந்திய கதை. ஓர் அறையில் ரயில்வே போர்ட்டர் ஒருவரின் குடும்பம், அடுத்ததில் இடியப்பம் அவித்து விற்கிற ஓர் அக்கா, கடைசியில் ஒரு பஸ் கண்டக்டரும் அவருடைய தாயாரும். அவர்கள் எல்லாருக்கும் என் கணவர் 'வீட்டுக்காரர்'. அந்த வீட்டுக்காரர் குடியிருந்ததோ கடைத்தெருவில், தன் தையல்கடைக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையில். அந்தக் கட்டடம் வேறொரு முதலாளியுடையது.

கல்யாணமான புதிதில் நான் ஒருமுறை கேட்டேன்: "கீழை இருக்கிற அறையில ஒண்டை எடுத்துக்கொண்டு நாங்கள் போய் இருக்கலாம்தானே?"

"வாடகைக்கு இருக்கிறவங்கள சட்டப்படி எழுப்ப முடியாது டீச்சர்" என்றார். கொஞ்ச நேரம் தையல் மெஷினை ஓட்டிவிட்டு, "எழுப்ப முடிஞ்சாலும், அந்தக்கா எங்க போயி இடியப்பம் அவிக்கும்?" என்றார்.

அவர் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். ஐம்பதுகளின் தொடக்கத்தில் நான் யாழ்ப்பாணத்திலிருந்து அட்டன் பள்ளிக்கூடம் ஒன்றுக்குப் படிப்பிக்க வந்தேன். அவருடைய கடைக்குச் சட்டை தைக்கக் கொடுக்கப் போனபோது அப்படிக் கூப்பிட்டார். தாலி கட்டிய பிறகும் அது மாறவில்லை, 'நீங்க'வும் மாறவில்லை. அவர் பூண்டுலோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். நான் அவரைக் கட்டப்போகிறேன் என்று வீட்டுக்கு எழுதியதும் ஐயாவிடமிருந்து, அதாவது என் தகப்பனாரிடமிருந்து, ஒரே ஒரு பதில் வந்தது. அதில் மலைநாட்டு ஆட்களைப் பற்றி ஒரு சொல் இருந்தது. அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. அம்மா முன்பே காலமாகிவிட்டார். ஐயா மலாயாவில் ரயில்வே கிளாக்கராக இருந்து பென்சனோடு திரும்பி, ஊரில் தனியாக இருந்தார். அதன் பிறகு எங்களுக்குள் போக்குவரத்து இல்லை. எனக்கு மகள் பிறந்ததைக்கூட யாரோ சொல்லித்தான் அவர் அறிந்திருப்பார்.

மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு ஒரு நாள் எங்கள் கட்டட முதலாளி வந்தார். பழையதை இடித்துவிட்டு மாடி வைத்துக் கடை கட்டப்போவதாகவும், வருடம் முடிவதற்குள் நாங்கள் வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் மரியாதையாகவே சொன்னார். கடைக்கு வேறு இடம் கிடைத்துவிட்டது. ஆனால் அது வெறும் கடை. பின்னால் அறை இல்லை.

அந்தச் சமயத்தில்தான் ரயில் பாதைக்கு மேலே சரிவில் இருந்த ஒரு சிறிய வீடு விற்பனைக்கு வந்தது. ரயில் எஞ்சின் டிரைவராக இருந்து இறந்துபோன, ஒல்லாந்தர் வழிவந்த ஒரு பறங்கிக்காரரின் வீடு. அவருடைய மனைவி தனியாக இருந்தார். மகன் அவுஸ்திரேலியாவில் இருந்து கூப்பிடுகிறான், கப்பலுக்குச் சொல்லியாகிவிட்டது. என் கணவர் அவருக்குப் பிரயாண உடுப்பு தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தபோது பேச்சு வந்திருக்கிறது. நானும் போய்ப் பார்த்தேன். இரண்டு அறை, ஒரு கூடம், குளிர்காயப் புகைபோக்கி அடுப்பு, சமையலறை ஜன்னலைத் திறந்தால் எதிர்மலை முழுவதும் தேயிலை. மகள் ஒவ்வோர் அறையாக ஓடி ஓடிக் கதவுகளைத் திறந்து மூடினாள். அவளுக்குக் கதவு என்பதே புதிது. எங்கள் அறையில் நடுவே தொங்கியது ஒரு சேலைதான்.

"எனக்கு ஒரேயொரு நிபந்தனை" என்றார் அந்த அம்மா, என்னிடம் ஆங்கிலத்தில். வாசலில் காது தொங்கிய ஒரு கிழட்டு நாய் படுத்திருந்தது. "இவனைக் கப்பலில் ஏற்ற முடியாது. சாகும்வரை இவனை வைத்திருப்பவருக்குத்தான் வீடு."

என் கணவரிடம் சொன்னேன். அவர் நாயைப் பார்த்தார். நாய் அவரைப் பார்த்து ஒரு கொட்டாவி விட்டது. "வச்சிக்கலாம் டீச்சர். நம்மளப் பாத்து குரைக்கலயே" என்றார்.

விலை பேசி முடிந்தது. சேர்த்து வைத்திருந்ததும் என் நகைகளும் சரியாகப் போதும் என்றிருந்தது. அப்போதுதான் கடைத்தெருவில் ஒரு பேச்சுக் கிளம்பியது. அரசாங்கம் புது வரி ஒன்று போட்டிருக்கிறதாம். ஏற்கெனவே வீடு வைத்து வாடகைக்கு விட்டிருக்கிறவர்கள் இன்னொரு வீடு வாங்கினால், வாங்குகிற விலை அளவுக்கே வரியும் கட்ட வேண்டுமாம். தைத்த துணி வாங்க வந்தவர் ஒருவர் சொன்னார், தேத்தண்ணிக் கடையில் இன்னொருவர் சொன்னார். ஒவ்வொருவரும் தங்களுக்குத் தெரிந்த யாருக்கோ நடந்ததாகச் சொன்னார்கள்.

என் கணவர் இரண்டு மூன்று நாட்கள் இரவில் கணக்குப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். பிறகு ஒரு நாள் சாப்பிடும்போது, "கீழ இருக்கிற மூணு காம்பராவையும் வித்துட்டா நம்ம கணக்குல ஒரு வீடுதானே ஆகும்?" என்றார்.

"அங்கை இருக்கிற சனம்?"

"வாங்குறவன் அவங்கள என்ன செய்வானோ தெரியல." கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் சிறிய ஊரில் எதுவும் நிற்காது. அடுத்த நாள் காலை இடியப்பக்கார அக்கா கடை வாசலுக்கு வந்து நின்றார். கேட்க வந்ததைக் கேட்கவில்லை. ஓர் இடியப்பப் பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டு, "புள்ளைக்குக் குடுங்க" என்று சொல்லிப் போய்விட்டார். என் கணவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "கந்தோர்ல போயி கேட்டுட்டுத்தான் எதையும் செய்யணும். வாங்க டீச்சர், நாமளே நொத்தாரிசுகிட்ட போவோம்" என்றார்.

நொத்தாரிசு, அதாவது காணி உறுதி எழுதுகிறவர், வயதான சிங்களவர். கந்தோர் என்று நாங்கள் சொல்லும் அவருடைய அலுவலகம் நீதிமன்றக் கட்டடத்துக்குப் போகும் வழியில் இருந்தது. எனக்கு அப்போது சிங்களம் தெரியாது. என் கணவருக்குத் தமிழைப் போலவே வரும், ஆங்கிலம்தான் வராது; வாங்குகிறவர் அவர் என்பதால் நொத்தாரிசு அவரோடு சிங்களத்திலேயே பேசினார். ஆகவே நொத்தாரிசு சொல்லச் சொல்ல அவர் எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார்.

"நொத்தாரிசு மாத்தயா சொல்றாரு, கடைத்தெருவுல பேசுறது தப்பாம். வீடு எத்தனை இருக்குன்னு சட்டம் கேக்கலயாம். நம்ம மூணு காம்பராவையும் விக்கத் தேவையில்லையாம்."

எனக்குப் பெரிய மூச்சு வந்தது. அவரும் சிரித்தார். நொத்தாரிசு சிரிக்கவில்லை. மறுபடி ஏதோ கேட்டார். என் கணவர் பதில் சொன்னார். நொத்தாரிசு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே மெதுவாக நீளமாக எதையோ விளக்கினார். என் கணவர் இந்த முறை உடனே மொழிபெயர்க்கவில்லை.

"என்ன சொல்லுறார்?"

"வரி இருக்காம்." நாற்காலியை என் பக்கம் திருப்பிக்கொண்டார். "வாங்குற ஆளு இந்த நாட்டுப் பிரஜையா இல்லாட்டித்தான் அந்த வரியாம். விலை எவ்வளவோ அவ்வளவும் கட்டணுமாம். எனக்குப் பிரஜாவுரிமை இருக்கான்னு கேட்டாரு. இல்லன்னு சொன்னேன்."

சுதந்திரத்துக்குப் பிறகு தோட்டத்து ஆட்களின் பிரஜாவுரிமையைச் சட்டம் எடுத்துவிட்டதால் அதற்கு அவர் விண்ணப்பித்திருந்தார். விசாரணைக்கும் கூப்பிட்டார்கள். பதினாறு பதினேழு வயதில் தையல் படிக்கவென்று திருச்சிப் பக்கம் தகப்பனாரின் உறவினர் வீட்டுக்குப் போய், ஒரு வருடத்துக்கு மேல் தங்கிவிட்டார். நாட்டில் தொடர்ந்து இருக்கவில்லை என்று விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்கள். இந்தியாவும் அவரைத் தன்னுடையவர் என்று சொல்லவில்லை. அதைப் பற்றி வீட்டில் நாங்கள் பேசுவது குறைவு. அன்று அந்தக் கந்தோரில், தன்னை வெளியே நிறுத்துகிற சட்டத்தை, என்னிடம் ஒரு சொல் விடாமல் அவரே சொல்ல வேண்டியிருந்தது.

நொத்தாரிசு என் பக்கம் திரும்பி ஏதோ கேட்டார்.

"நோனா எங்க பொறந்தவங்கன்னு கேக்குறாரு."

"மலாயாவில. சிரம்பானில" என்றேன்.

என் கணவர் அதைச் சொல்லிவிட்டு எழுந்திருக்கப் போனார். "அப்ப ரெண்டு பேருக்கும் இல்ல, வாங்க" என்றார். நொத்தாரிசு கையைக் காட்டி அவரை உட்கார வைத்தார். என் தகப்பன் எங்கே பிறந்தவர் என்று கேட்டார். யாழ்ப்பாணம். தகப்பனின் தகப்பன்? அவரும் யாழ்ப்பாணம். நொத்தாரிசு மேசையில் ஒரு தட்டுத் தட்டினார்.

கடலுக்கு அப்பால் பிறந்த நான் பிரஜை. என் தகப்பனும் பாட்டனும் இந்த மண்ணில் பிறந்தவர்கள் என்று காட்டினால் போதும். உறுதியை என் பெயரில் எழுதலாம், வரி கிடையாது, வழக்கமான முத்திரைச் செலவு மட்டும்தான். கொத்மலை ஆற்றுக்குப் பக்கத்தில் பிறந்து, அதில் நீந்தப் பழகிய என் கணவர் இதையெல்லாம் எனக்கு விளக்கிச் சொன்னார்.

திரும்பி வரும்போது மழை தூறியது. ஒரு குடைக்குள் நடந்தோம்.

"ஏன் ஒண்டும் கதைக்காமல் வாறியள்?" என்றேன்.

"வீடு ஒங்க பேர்ல இருக்குறதுல எனக்கு ஒண்ணுமில்ல டீச்சர். சத்தியமா ஒண்ணுமில்ல." சிறிது தூரம் நடந்தார். "ஆனா அந்த மாத்தயா கேட்டப்ப இல்லன்னு சொன்னேன் பாருங்க, அப்ப என் வாய் கசந்துச்சு."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கடைத்தெருவில் நாங்கள் அப்படி நடந்ததே இல்லை.

இனி இருந்த தடை ஐயா. அவருடைய பிறப்புப் பத்திரமும் பாட்டனுடையதும் வேண்டும். அவரே வந்து நொத்தாரிசு முன்னால் சத்தியக் கடதாசி கொடுத்தால் கேள்வியே வராது என்றும் சொல்லியிருந்தார்கள்.

"நான் எழுத மாட்டன்" என்றேன். "வீடு இல்லாட்டியும் பரவாயில்லை."

"நீங்க எழுத வேணாம். நான் எழுதுறேன்."

"உங்களுக்கு அவர் பதில் போடமாட்டார்."

"போடாட்டி என்ன, புதுசா என்ன கெட்டுப் போகப்போகுது?"

எழுதினார். எனக்குக் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை. வாரங்கள் போயின. பதில் இல்லை. பழைய கட்டடத்தின் முன்பக்கத்தில் முதலாளி செங்கல் இறக்கத் தொடங்கிவிட்டார். பறங்கி அம்மாவிடம் நுவரெலியாவிலிருந்து ஒரு வியாபாரி வந்து கூடுதல் விலை கேட்டுப் போனதாகக் கேள்விப்பட்டு நான் பதறிக்கொண்டு ஓடினேன். அவர் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார்.

"வந்தான். நாயைக் காலால் தள்ளிவிட்டு உள்ளே வந்தான்" என்றார். "கப்பல் புறப்படும்வரை உங்களுக்காகக் காத்திருப்பேன். அதற்கு மேல் என்னால் முடியாது, பெண்ணே."

அதற்கு இரண்டு வாரத்துக்குப் பிறகு ஒரு நாள், பள்ளிக்கூடம் விட்டு மகளோடு கடைக்குள் நுழைந்தேன். கண்ணாடிக்கு முன்னால், இரண்டு கைகளையும் பக்கவாட்டில் உயர்த்தியபடி, ஐயா நின்றுகொண்டிருந்தார். என் கணவர் அவர் மார்பைச் சுற்றி அளவு நாடாவைப் பிடித்திருந்தார். இருவரும் என்னைப் பார்த்தார்கள். ஐயா கைகளை இறக்கவில்லை. இறக்கினால் அளவு பிழைத்துவிடும் என்று நினைத்தாரோ என்னவோ.

"என்ன குளிர் பிள்ளை இது?" என்றார். "எப்பிடி இஞ்சை இருக்கிறாய்? இவர் ஒரு கோட் தைச்சுத் தாறன் எண்டு நிக்கிறார்."

"எப்ப வந்தனீங்கள்?" என்று மட்டும் கேட்டேன்.

"மத்தியானம் ரயிலால இறங்கினனான். நீ படிப்பிச்சுக்கொண்டிருப்பாய், குழப்பக்கூடாது எண்டு இஞ்சை வந்திட்டன்."

"ஒரு கடிதம் போட்டிருக்கலாம்தானே, ஐயா?"

"என்னத்தை எழுதிறது? என்ரை ஐயாவின்ரை பிறப்பைப் பழைய புத்தகத்தில தேடித் தேடிக் களைச்சுப்போனாங்கள். பேரை வேறை மாதிரி எழுதி வைச்சிருக்கிறாங்கள். கடதாசி கிடைச்சால் வாறது, கிடைக்காட்டி எழுதி என்ன பிரயோசனம்?" அப்போதுதான் என் பின்னால் நின்ற மகளைக் கண்டார். கைகள் தாமாக இறங்கின. என் கணவர் நாடாவைச் சுருட்டிக்கொண்டு, யாரோ கூப்பிட்டது போல வெளியே போய்விட்டார்.

நான் அழுதேன். ஐயா அழவில்லை, மூக்கை மட்டும் பல தடவை சிந்தினார். குளிரால்தான் என்றார். பிறகு மகளைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு, அவளுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தி, "அவர் எழுதின கடிதத்தில 'உங்கட மகளுக்கு ஒரு வீடு' எண்டுதான் முழுக்க இருந்தது. தன்ரை வீடு எண்டு ஒரு இடத்திலயும் எழுதேல்லை" என்றார். பழைய பேச்சைப் பற்றி அன்றும் அவர் ஒன்றும் சொல்லவில்லை, பின்னரும் சொல்லவில்லை. நானும் அதை எதிர்பார்ப்பதை அன்றோடு விட்டுவிட்டேன்.

மறுநாள் நொத்தாரிசு கந்தோரில் ஐயாவுக்குச் சிங்களம் தெரியாததால் பேச்சு ஆங்கிலத்தில் நடந்தது. இரண்டு கிழவர்களும் மலாயா ரயிலைப் பற்றியெல்லாம் பேசினார்கள். நொத்தாரிசின் அண்ணன் ஒருவரும் அங்கே வேலை பார்த்தவராம். கடதாசிகளை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார். பாட்டனின் பெயரில் வந்ததும் விரல் நின்றது. ஐயா, இரண்டு பெயரும் ஒரே ஆளுடையதுதான் என்று சத்தியம் பண்ணிக் கையெழுத்து வைத்தார். நொத்தாரிசு அதை மை உலரும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சுவரோரம் நின்ற என் கணவரிடம் சிங்களத்தில் இரண்டே சொல் சொன்னார்.

எனக்கு விளங்கவில்லை. என் கணவர் முகத்தைத்தான் பார்த்தேன்.

"வரி இல்ல" என்றார். மறுபடி, "வரி இல்ல டீச்சர்" என்றார்.

எத்தனை மாதங்களாகத் தோளைத் தூக்கி வைத்துக்கொண்டே நடந்திருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன். அங்கேயே சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. நொத்தாரிசு தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

பறங்கி அம்மா கையெழுத்து வைத்த அன்று நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் இருந்தார். அவருடைய பெட்டிகளை ரயிலேற்ற மூன்று அறைக்காரர்களும் வந்தார்கள், போர்ட்டர் கூலி வாங்க மறுத்துவிட்டார். எங்கள் சாமான்களை ஏற்றிவர ஒரு நடை போதுமாக இருந்தது. இடியப்பக்கார அக்கா புது வீட்டில் பால் பொங்க வைத்தார். பொங்கி வழிந்தபோது அவர்தான் எல்லாரையும்விடச் சத்தமாகக் குலவையிட்டார்.

நாய்க்குத் தமிழ் தெரியாது. 'வா' என்றாலும் 'போ' என்றாலும் எங்களைப் பார்த்துக்கொண்டே கிடக்கும். ஐயா ஒரு தரம் ஆங்கிலத்தில் அதட்ட, எழுந்து போய் அவர் காலடியில் படுத்துக்கொண்டது. புதுக் கோட்டைப் போட்டுக்கொண்டு ஐயா ஒரு மாதம் எங்களோடு இருந்தார். என் கணவரை முதல் நாட்களில் எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் செருமிக்கொண்டிருந்தவர், போகிறபோது, "தம்பி, பொங்கலுக்கு மூண்டு பேரும் வரவேணும்" என்றார். "வர்றோம் மாமா" என்றார் இவர், ஏதோ வருடா வருடம் போய்வருகிறவர் போல.

என் கணவருக்குப் பிரஜாவுரிமை அதன் பிறகும் பல வருடங்கள் கிடைக்கவில்லை. அந்த வலி போய்விட்டது என்று நான் சொல்லமாட்டேன். யாராவது வீட்டுக்காரர் இருக்கிறாரா என்று வாசலில் நின்று கேட்டால், "வீட்டுக்காரம்மாவத்தான் கேக்கணும்" என்று என்னைக் காட்டுவார். மாதம் பிறந்தால், "இந்த மாசம் வாடகை எவ்வளவு டீச்சர்?" என்று கேட்டுச் சிரிப்பார். சில மாதங்களில் அந்தச் சிரிப்பு கொஞ்சம் சீக்கிரமாகவே முடிந்துவிடும்.

குடிவந்த பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையை மட்டும் எப்போதும் நினைப்பேன். மதியம் சாப்பிட்டு முடித்து, நான் உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். வெளியே ஐயாவும் மகளும் நாயோடு பேசிக்கொண்டிருந்தார்கள். என் கணவர் மெஷினுக்கு ஜன்னலோரத்தில் இடம் பார்த்து இழுத்துக்கொண்டிருந்தார். கொழும்பு ரயில் கீழே கூவிக்கொண்டு போனது. சும்மா சாய்வோம் என்று படுத்தவள், விளக்கேற்றும் நேரம்வரை எழும்பவில்லை. யாரும் என்னை எழுப்பவும் இல்லை.